கீழ்வீட்டுக்காரன்

நான் இசைத்தட்டு கேட்பவன் அல்ல.
இசைத்தட்டுகளுக்குக் கீழே குடியிருப்பவன்.

பர்ரான்கிய்யா நகரம், ரெபோலோ பகுதி,
மீன் லாரிகள் திரும்பும் முனையில் மஞ்சள் கட்டடம்.
மேலே எதுவினா பெர்துகோ,
துறைமுகச் சுங்கத்தில் முத்திரை குத்துகிறவள்.
கீழே நானும்
ஊராரின் ஓடாத மின்விசிறிகளும்.

இருபது நிமிடம்
ஒரு பேஸ் கிட்டார் என் கூரைமேல் உலாவும்.
பிறகு நிற்கும்.
வெறுங்கால். ஏழு அடி.
அவள் தட்டைப் புரட்டுகிற நேரம்
என் திருப்புளியும் சும்மா இருக்கும்.
ஊசி இறங்கும்,
காய்ந்த எண்ணெயில் ஒரு துளி நீர் விழுந்தாற்போல.
மறுபடி ஏழு அடி.
நாற்காலி முனகும்.

சம்பளத்துக்கு மறுநாள் ஒன்று வாங்குவாள்.
ஒன்றே ஒன்று.
மழையென்றால் அது சட்டைக்குள் போகும்,
அவள் நனைவாள்.

ஒருமுறை படிக்கட்டில் நிறுத்திக் காட்டினாள்.
நடுவில் பெயரில்லை.
பிளேடால் சுரண்டிய காகிதத் தழும்பு.
ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மாலுமி கொண்டுவந்ததாம்.
வாங்கியவன் புலி வரைந்த ஒலிபெருக்கிக்காரன்,
ஆளுயரப் பெட்டி, தெருவையே ஆட்டுகிறவன்.
அடுத்த தெருக்காரன் பெயரைப் பார்த்துவிடுவானோ என்று
அன்றிரவே சுரண்டிவிட்டு
தானே ஒரு பெயர் வைத்தான்:
நனைந்த கோழி.
பதினொரு வருடம் ஊரே
நனைந்த கோழிக்கு ஆடியிருக்கிறது.
பாடியவருக்கு இது தெரிந்திருக்காது.

அவள் அக்கா மகன் போனை நீட்டினான்.
கேட்டதும் பெயர் சொல்லிவிடுமாம்.
அது நெடுநேரம் யோசித்து எழுதிக் காட்டியது:
மழைச் சத்தம், எட்டு மணி நேரம், உறக்கத்துக்கு.
அன்று அவள் சிரித்ததும் கூரை வழியாகத்தான் வந்தது.

பெயரைச் சுரண்டிய பிளேடு
கொஞ்சம் வழுக்கியிருக்கிறது.
கடைசி வரி முடிவதில்லை.
லா-மு. லா-மு. லா-மு.
இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவாக ஒருமுறை,
யாராவது எழுந்து வரும்வரை.
வழக்கமாக மூன்று லா-மு, ஏழு அடி.
நான் எண்ணுவதில்லை என்று சொன்னால் பொய்.

மே மாதத்துப் பெருமழை.
தெரு ஆறாகி ஓடியது.
ஒரு குளிர்சாதனப் பெட்டி கதவு திறந்தபடி
நிதானமாக மிதந்து போனது.
மேலே லா-மு.
பத்து. நாற்பது.
இருநூறில் எண்ணுவதை விட்டேன்.
திருப்புளியோடேயே படியேறினேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை.
நாற்காலியில் இருந்தாள், கண் திறந்திருந்தது.
"எதுவினா?"
"உஷ். எழுந்தால் நின்றுவிடும்."

பிறகு சொன்னாள்:
"இன்று முத்திரையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.
முப்பத்தொரு வருடம்.
இதே வேகம், கேட்டுப் பார்."

கேட்டேன்.
தரையில் உட்கார்ந்து,
கூரையில்லாமல், முதல்முறையாக.
என் வீட்டில் அது வெறும் இடி.
இங்கே ஒரு தொண்டை இருந்தது,
எச்சில் விழுங்குகிற இடம்கூட.

"யாரோ ஒரு பெண்ணின் பெயர்" என்றேன்.
"மீன் விலை" என்றாள்.
"இத்தனை உருக்கமாகவா?"
"நீ மீன் வாங்கியதில்லை."

மழை விட்டது.
சேறும் டீசலும் மணத்தன.
"எனக்குக் கால் மரத்துவிட்டது, நீ போ" என்றாள்.

என் கூரைமேல் நான் நடந்தேன்.
எனக்கு அது ஐந்து அடிதான்.
கை நடுங்கியது, விசிறி மோட்டாரில் நடுங்காத கை.
ஊசியைத் தூக்கினேன்.
ஓரத்தைப் பிடித்து, அவள் சொன்னபடி
உள்ளங்கை படாமல்
புரட்டிப் போட்டேன்.

கீழே கேட்பதற்கு
யாரும் இல்லை.